தமிழ் வலைப்பதிவுகளில் யார் யாரைச் சுட்டுகிறார்கள்: எண்ணிப் பார்க்க ஒரு வழிகாட்டி

பதிவர்கள் நாலு பேர் கூடினால் யாருக்கு வாசகர் அதிகம் என்ற பேச்சு வந்துவிடும். 2004-இல், பல வலைப்பூக்களின் இடுகைகளை ஓரிடத்தில் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டி தொடங்கிய பிறகு அந்தப் பேச்சுக்கு அளவுகோல்களும் வந்து சேர்ந்தன: சூடான இடுகைகள், வாசகர் ஓட்டு, பின்னூட்ட எண்ணிக்கை. வலைப்பூக்களின் ஓரத்தில் வருகைகளை எண்ணும் ஹிட் கவுண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை வராது. யாரைப் படித்தவர் அங்கிருந்து யாரைத் தேடிப் போனார்?

அதைச் சுட்டிகளிடம், அதாவது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் இணைப்புகளிடம்தான் கேட்க வேண்டும். தன்னை நம்பி வந்த வாசகரை இன்னொருவர் வாசலில் கொண்டுபோய் விடும் வேலையைத்தான் ஒரு பதிவர் சுட்டி கொடுக்கும்போது செய்கிறார். யாரும் கேட்காமல், பெரும்பாலும் காசு வாங்காமல், யோசித்துச் செய்த செயல் அது. ஹிட்டைவிட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

இந்தக் கட்டுரை புள்ளியியல் படிக்காதவர்களுக்காக. எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வரிசைப்படுத்தவும் கூட்டவும் தெரிந்தால் போதும். 50 வலைப்பூக்களை எடுத்துக்கொண்டால் சில வாரங்களின் மாலை நேரத்தில் வேலை முடியும். முதல் தடவையே 1000 வலைப்பூக்களில் இறங்காதீர்கள். கையால் பார்க்க முடிகிற அளவில் தொடங்கினால்தான் எண்கள் எங்கே பொய் சொல்கின்றன என்பது பிடிபடும்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

"தமிழ்ப் பதிவுலகை ஆராயப் போகிறேன்" என்று கிளம்பினால் தரவு மலையாகக் குவியும், சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரே வாக்கியத்தில் கேள்வி இருக்கட்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் வைத்துக்கொள்ளும் கேள்வி இது: 2012-ஆம் ஆண்டில் இலங்கைப் பதிவர்களும் தமிழ்நாட்டுப் பதிவர்களும் ஒருவரை ஒருவர் எந்த அளவுக்குச் சுட்டினார்கள்?

காலவரம்பு, இரண்டு குழுக்கள், எண்ண வேண்டிய பொருள் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. காலவரம்பை விட்டுவிடாதீர்கள். 2005-இல் தொடங்கிய வலைப்பூவுக்கும் 2011-இல் தொடங்கியதற்கும் மொத்தச் சுட்டிகளை ஒப்பிட்டால் வயதில் மூத்தது ஜெயிக்கும். அதில் நமக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. ஓராண்டுக்குள் எழுதிய இடுகைகளை மட்டும் எடுத்தால் இருவரையும் ஒரே தராசில் வைக்கலாம்.

குழு பிரிப்பதிலும் முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரண்டோவிலிருந்து எழுதுபவர் எந்தப் பக்கம்? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மதுரைக்காரர்? புலம்பெயர்ந்தோரை மூன்றாவது குழுவாக வைக்கலாம், அல்லது பதிவர் தன்னைப் பற்றித் தன் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறாரோ அதையே ஏற்கலாம். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் எண்ணத் தொடங்கும் முன் எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால் நாம் விரும்பிய விடையைத்தான் தரவு சொல்லும்.

எந்த வலைப்பூக்களை எடுப்பது?

புதியவர்கள் எல்லோரும் செய்வது, தெரிந்த ஒரு வலைப்பூவில் தொடங்கி, அங்குள்ள சுட்டிகளைப் பிடித்து அடுத்ததற்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போவது. வேலை சுலபம்தான், ஆனால் இதில் ஒரு கோணல் உண்டு. சுட்டிகளைப் பிடித்துக்கொண்டே போனால் அதிகம் சுட்டப்பட்டவர்களிடம்தான் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்வோம். நம் நண்பர்களுக்குச் சராசரியாக நம்மைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்று சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் விளக்கியது இதே கணக்கு. யாரும் சுட்டாத, நன்றாக எழுதுகிற ஒரு மட்டக்களப்புப் பதிவர் இந்த வழியில் உங்கள் கண்ணில் படவே மாட்டார்.

அதனால் பட்டியலைச் சுட்டிகளோடு தொடர்பில்லாத ஓரிடத்திலிருந்து எடுங்கள். திரட்டிகளின் பழைய பக்கங்கள் இதற்கு நல்ல இடம். தமிழ்மணம், திரட்டி, தமிழ்வெளி போன்றவற்றின் அந்தக் காலப் பக்கங்களை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் தேடிப் பாருங்கள். கிடைத்த பெயர்களுக்கு வரிசை எண் கொடுத்து, கால்க்கில் தற்செயல் எண்களை உருவாக்கி, விழுந்த எண்ணுக்குரிய வலைப்பூக்களை எடுங்கள். திரட்டியில் சேராதவர்கள் அப்போதும் விடுபடுவார்கள். அந்த விடுபடலை முடிவோடு சேர்த்து ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

நம் எடுத்துக்காட்டில் 20 இலங்கை வலைப்பூக்கள், 30 தமிழ்நாட்டு வலைப்பூக்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

மொய் நோட்டு போடுவது

சுட்டிப் பகுப்பாய்வுக்குத் தேவையான அட்டவணை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் கல்யாண வீட்டு மொய் நோட்டைத்தான் நான் சொல்வேன். யார் வைத்தார், யாருக்கு வைத்தார், எவ்வளவு. நமக்கும் அதே மூன்று நெடுவரிசைகள்தாம்: சுட்டியவர், சுட்டப்பட்டவர், எத்தனை தடவை. பக்கத்தில் இன்னும் மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இடுகையின் தேதி, சுட்டி பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது, இன்று அது திறக்கிறதா.

நோட்டில் திசை முக்கியம். நான் உங்களைச் சுட்டினேன் என்பதால் நீங்கள் என்னைச் சுட்டியதாக ஆகாது. கெஃபி போன்ற வலைப்பின்னல் வரையும் மென்பொருளில் ஏற்றும்போது திசையுள்ள வலைப்பின்னலாகத்தான் ஏற்ற வேண்டும்.

இடுகைகளை எப்படிச் சேகரிப்பது? பிளாக்கரும் வேர்ட்பிரஸ்ஸும் ஒவ்வொரு வலைப்பூவுக்கும் ஓடை (ஃபீட், இடுகைகளைத் தொகுத்துத் தரும் கோப்பு) தருகின்றன. ஓடையில் இடுகையின் உடல் மட்டும் வரும், ஓரத்தில் இருக்கும் அலங்காரங்கள் வராது. இது எவ்வளவு பெரிய வசதி என்பது அடுத்த பகுதியில் தெரியும். முழு இடுகையையும் ஓடையில் விடாமல் முதல் சில வரிகளை மட்டும் விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்கங்களை நேரில் திறந்துதான் எடுக்க வேண்டும். நிரல் எழுதி எடுப்பவர்கள் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் சில வினாடி இடைவெளி விடுங்கள். அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைக் குடம் குடமாக ஒரே மூச்சில் இறைப்பது முறையில்லை.

ஓரப்பட்டைச் சுட்டி ஒன்று, இடுகைச் சுட்டி வேறு

இந்த வேலையில் விடை தலைகீழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு வலைப்பூவைத் திறக்கிறீர்கள். நடுவில் இடுகை. மின்வெட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் மூன்று சுட்டிகள். ஒன்று, போன மாதம் தானே எழுதியதற்கு. இரண்டாவது, அதே விஷயத்தில் வேறு கருத்துச் சொன்ன இன்னொரு பதிவரின் இடுகைக்கு. மூன்றாவது ஒரு நாளிதழ்ச் செய்திக்கு. வலது ஓரத்தில் 'நான் படிப்பவை' என்ற தலைப்பில் 42 வலைப்பூக்களின் பட்டியல். அதற்குக் கீழே 'பின்தொடர்பவர்கள்' படங்கள், திரட்டிகளின் பட்டைகள், 'அண்மைய பின்னூட்டங்கள்'.

இந்தப் பக்கத்தில் நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் சுட்டி எத்தனை? ஒன்றே ஒன்று, அந்த இரண்டாவது சுட்டி.

நிரலை விட்டு எண்ணச் சொன்னால் அது 42-ஐயும் சேர்த்து எண்ணும். ஓரப்பட்டை ஒவ்வொரு பக்கத்திலும் வருவதால் 300 இடுகை எழுதியவரிடமிருந்து 12,600 சுட்டிகள் கிளம்பியதாகக் கணக்கு வரும். அவர் அந்தப் பட்டியலை ஒரு தடவைதான் போட்டிருப்பார், அதுவும் நாலு வருடத்துக்கு முன்னால். நான் முதன்முதலில் இப்படி எண்ணியபோது, எழுதுவதையே நிறுத்திவிட்ட ஒருவர் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அந்த முடிவை நம்பி இரண்டு நாள் அதற்கு விளக்கமும் தேடினேன். பிறகு பத்துப் பக்கங்களைக் கையால் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த எண்ணையும் பத்துப் பக்கம் திறந்து பார்க்காமல் நான் நம்புவதில்லை.

ஆகவே சுட்டிகளை இனம் பிரித்துக்கொள்ளுங்கள். இடுகைக்குள் வேறொரு பதிவரைச் சுட்டியது முதல் இனம், நமக்குத் தங்கம். ஓரப்பட்டைப் பட்டியல் இரண்டாவது. ஒரு வலைப்பூவுக்கு ஒரு தடவை மட்டும் எண்ணித் தனித்தாளில் வையுங்கள். அது மரியாதையையும் நட்பையும் காட்டும், வாசிப்பைக் காட்டும் என்று சொல்ல முடியாது. தன்னைத் தானே சுட்டியதை நீக்கிவிடுங்கள். பின்னூட்டத்தில் விட்டுப்போன சுட்டிகளையும் நீக்குங்கள், அவற்றில் பல 'நம்ம கடைப்பக்கமும் வாங்க' வகை.

தொடர்பதிவு என்று ஓர் இனம் தமிழில் உண்டு. ஒருவர் ஐந்து பேரை அழைப்பார், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேரை அழைப்பார்கள். ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கான சுட்டிகள் பிறக்கும். அவற்றைக் குப்பை என்று தள்ளவும் மனமில்லை, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. யார் யாரைத் தன் வட்டம் என்று நினைத்தார் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. நான் அவற்றுக்குத் தனி அடையாளம் இட்டு, சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை என்று கணக்குப் போடுவேன். இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் நிம்மதி. வேறாக வந்தால் அந்த வேறுபாட்டையே எழுதலாம்.

ஒரே வீட்டுக்கு நாலு கதவு எண்

நோட்டுப் போட்ட பிறகு பெயர்களை ஒழுங்குபடுத்த வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் தமிழ் வலைப்பூக்களுக்கு இதைத் தவிர்க்கவே முடியாது.

2012 தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து திறந்த பிளாக்ஸ்பாட் முகவரிகளைக் கூகுள் 'டாட் காம்' என்பதிலிருந்து 'டாட் இன்' என்ற முடிவுக்குத் திருப்பிவிட ஆரம்பித்தது. சென்னையில் உட்கார்ந்து முகவரியை நகலெடுத்தவர் 'டாட் இன்' என்று ஒட்டினார், 'டாட் காம்' என்றே தெரிந்த நாட்டிலிருந்தவர் அப்படியே ஒட்டினார். வலைப்பூ ஒன்றுதான், உங்கள் அட்டவணையில் மட்டும் இரண்டு பேராக நிற்கும். 2018-இல் கூகுள் இந்தத் திருப்பிவிடலை நிறுத்தியது. 2020-இல் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற பெயரே அதன் கையைவிட்டுப் போனதால் அந்தச் சுட்டிகள் பல செத்துப்போயின. செத்த சுட்டி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். முடிவை 'டாட் காம்' என்று மாற்றினால் வலைப்பூ திறக்க வாய்ப்பு உண்டு. இந்தியாவிலிருந்து சுட்டியவர்களின் சுட்டிகள்தாம் இதனால் அதிகம் காணாமல் போகும் என்பதைக் கவனியுங்கள். நம் கேள்வியே நாடுகளைப் பற்றியது. இதைச் சரிசெய்யாமல் எண்ணினால் தமிழ்நாட்டுப் பக்கம் பொய்யாகக் குறைந்து தெரியும்.

இன்னும் சில: முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' உள்ளதும் இல்லாததும், கைப்பேசிப் பக்கத்துக்கு பிளாக்கர் ஒட்டும் 'எம்=1' என்ற வால், வேர்ட்பிரஸ்ஸில் தமிழ்த் தலைப்போடு வரும் முகவரி ஓரிடத்தில் தமிழாகவும் வேறிடத்தில் விழுக்காட்டுக் குறிகளாகவும் நிற்பது, பிளாக்ஸ்பாட்டிலிருந்து சொந்தத் தளத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஒரு தாளில் இடப்பக்கம் கிடைத்த முகவரி, வலப்பக்கம் அதன் உரிமையான பெயர் என்று ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டி கொடுக்காமல் பெயரை மட்டும் சொன்ன இடங்களையும் தேடுவதானால் தமிழ் எழுத்துகளிலேயே சிக்கல் உண்டு. யுனிகோடில் 'கொ' என்பதைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டையும் தனித்தனியாகத் தட்டியும் எழுதலாம். 'ஔ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஒ'வையும் 'ள'வையும் பக்கத்தில் வைத்தவர்கள் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு. தேடும் முன் யுனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிவடிவங்களை ஒன்றாக்குவது) செய்தால் முதல் சிக்கல் தீரும். இரண்டாவதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

சராசரியை நம்பாதீர்கள்

இப்போது ஒவ்வொரு வலைப்பூவுக்கும் உள்ளே வந்த சுட்டிகளைக் கூட்டுங்கள். பத்து வலைப்பூக்களுக்கு இப்படி வந்தது என்று வையுங்கள்: 41, 12, 7, 5, 3, 2, 2, 1, 1, 0.

மொத்தம் 74, சராசரி 7.4. பத்தில் எட்டு வலைப்பூக்கள் 'சராசரிக்கும் கீழே'. இப்படிச் சொன்னால் எட்டுப் பேர் சரியாக எழுதவில்லை என்று ஆகிவிடும், உண்மையில் அந்த 41 ஒன்றுதான் சராசரியை மேலே இழுத்திருக்கிறது. இடைநிலை எண்ணைப் பாருங்கள். வரிசையில் நடுவில் நிற்கும் 3-க்கும் 2-க்கும் இடையே 2.5. சாதாரணப் பதிவர் ஒருவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு இதுதான் நேர்மையான விடை. முதல் இரண்டு பேருக்கு மட்டும் 74-இல் 53, அதாவது 72 விழுக்காடு போயிருக்கிறது. இந்த மூன்று எண்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே எண்ணாக வேண்டுமானால் வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி கெழு இங்கும் செல்லும். எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால் 0, ஒருவருக்கே எல்லாம் என்றால் 1-ஐ நெருங்கும். இந்தப் பத்துக்கு 0.66 வருகிறது.

இப்படிக் கோணலாக இருப்பது தமிழர்களின் குணம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே சுட்டப்பட்டவரே மேலும் சுட்டப்படுகிறார் என்ற போக்கை 1999-இல் பாராபாசியும் ஆல்பர்ட்டும் இணையத்துக்குக் காட்டினார்கள். அறிவியல் மேற்கோள்களில் அதே போக்கை டெரெக் பிரைஸ் 1976-இலேயே கணக்காக்கியிருந்தார். ஆங்கில வலைப்பதிவுகளின் இந்தக் கோணலை 2003-இல் கிளே ஷெர்கி எழுதினார். புதிதாக வருபவர் கண்ணில் படுபவரைத்தான் சுட்டுவார், கண்ணில் படுபவர் ஏற்கெனவே சுட்டப்பட்டவர். 'சூடான இடுகைகள்' போன்ற பட்டியல்கள் இந்தச் சுழலை இன்னும் வேகமாக்கும். முதலிடத்தில் இருப்பவரின் எழுத்து நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆறு மடங்கு சுட்டி இருந்தால் ஆறு மடங்கு நல்ல எழுத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

மடக்கை (லாக்) அளவில் படம் வரைந்து, கோடு நேராக வந்தவுடன் 'அடுக்கு விதி' (சிலருக்கு மிக அதிகமும் பலருக்கு மிகக் குறைவும் கிடைக்கும் ஒருவகைப் பரவல்) என்று அறிவித்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. 50 புள்ளிகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. வேறு பரவல்களும் அந்த அளவில் கிட்டத்தட்ட நேராகவே தெரியும்.

ஹிட்டும் பின்னூட்டமும்

இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை, தர வரிசையாக மாற்றிப் பயன்படுத்துங்கள். ஹிட் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. ஒருவர் கவுண்டர் பக்கங்களை எண்ணும், இன்னொருவருடையது ஆட்களை எண்ணும். தேடுபொறி எந்திரங்கள் வந்துபோவதும் சிலவற்றில் சேரும். ஓடை வழியே படித்தவர் எதிலும் சேரமாட்டார். ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்படும்வரை தளத்துக்கு வராமலே தொடர்ந்து படித்தவர்கள் உண்டு.

ஆறு வலைப்பூக்கள், சுட்டி எண்ணிக்கையில் 1 முதல் 6 வரை தரம். அதே வரிசையில் பின்னூட்ட எண்ணிக்கைத் தரங்கள் 3, 1, 2, 6, 4, 5. ஒவ்வொரு வலைப்பூவுக்கும் இரண்டு தரங்களின் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டினால் 12. அதை 6-ஆல் (இந்த 6 எத்தனை வலைப்பூவானாலும் மாறாது) பெருக்கி 210-ஆல் வகுத்து 1-இலிருந்து கழித்தால் 0.66. 210 என்பது ஆறு வலைப்பூக்களுக்கு உரிய எண், ஆறை அதன் வர்க்கத்தில் ஒன்று குறைந்த 35-ஆல் பெருக்கியது. இது ஸ்பியர்மன் 1904-இல் தந்த தரவரிசைத் தொடர்பு. 1 என்றால் இரண்டு வரிசையும் ஒன்றே, 0 என்றால் தொடர்பில்லை. ஆறு வலைப்பூக்களுக்கு வந்த 0.66-ஐ வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, 50-க்கு வந்தால் பேசலாம். அப்போதும் எனக்கு அதிக ஆர்வம் பொருந்தாதவர்களிடம்தான். பின்னூட்டத்தில் மேலே இருந்து சுட்டியில் கீழே இருப்பவரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'மீ த ஃபர்ஸ்ட்' என்று தொடங்கி நண்பர்கள் கும்மியடித்த பின்னூட்டங்களாக இருக்கலாம். யாரும் பின்னூட்டமே போடாத, ஆனால் பலர் சுட்டிய சித்த மருத்துவக் குறிப்போ கணினிக் குறிப்போ எதிர்ப்பக்கம் நிற்கும்.

யார் கொடுத்த சுட்டி?

எல்லாச் சுட்டியும் ஒரே எடை இல்லை என்ற எண்ணத்தைக் கணக்காக்கியதுதான் கூகுளை நிறுவிய பிரினும் பேஜும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், காகிதத்திலேயே போடலாம்.

நாலு வலைப்பூக்கள்: க, ச, த, ந. 'க' இருவரை, 'ச'வையும் 'த'வையும் சுட்டுகிறது. 'ச' சுட்டுவது 'த'வை. 'த' சுட்டுவது 'ந'வை. 'ந' திருப்பி 'த'வைச் சுட்டுகிறது. ஆளுக்கு ஒரு மதிப்பெண்ணோடு தொடங்குங்கள். ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதைத் தான் சுட்டுபவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். முதல் சுற்றில் 'க' அரை, அரையாகக் கொடுத்துக் காலியாகிறது. 'ச'விடம் 0.5, 'த'விடம் 2.5, 'ந'விடம் 1. இப்படியே விட்டால் சுட்டப்படாதவர்கள் எல்லோரும் காலியாகிவிடுவார்கள். அதனால் 85 விழுக்காடு மதிப்பெண் மட்டும் சுட்டி வழியே போகட்டும், மீதி 15 விழுக்காட்டை எல்லோருக்கும் பொதுவாகப் பங்கிடுங்கள் என்பது விதி. மாற்றம் நிற்கும்வரை சுற்றினால் க 0.15, ச 0.21, த 1.88, ந 1.75.

'ச'வுக்கும் 'ந'வுக்கும் உள்ளே வந்தது ஆளுக்கு ஒரே சுட்டிதான். ஒருவருக்கு 0.21, இன்னொருவருக்கு 1.75. 'ந'வைச் சுட்டியது எல்லோரும் சுட்டுகிற 'த' என்பதால் வந்த வித்தியாசம். கூடவே இன்னொன்றையும் பாருங்கள். 'த'வும் 'ந'வும் ஒருவருக்கொருவர் மொய் வைத்துக்கொண்டதால் மதிப்பெண் வெளியே போகாமல் அவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. மாறி மாறிச் சுட்டிக்கொள்ளும் சிறு வட்டங்கள் இந்த அளவில் உப்பித் தெரியும். ஆகவே பேஜ்ரேங்கைச் சொல்லும்போது எதிர்மொய்க் கணக்கையும், அதாவது சுட்டியவரைத் திருப்பிச் சுட்டியது எவ்வளவு என்பதையும் பக்கத்தில் சொல்லுங்கள்.

அது சுலபம். 50 வலைப்பூக்களுக்குள் சாத்தியமான சுட்டித் தொடர்புகள் 50 பெருக்கல் 49, அதாவது 2450. நமக்குக் கிடைத்தது 180 என்றால் அடர்த்தி 7.3 விழுக்காடு. அந்த 180-இல் 96 தொடர்புகளுக்கு எதிர்த்திசையிலும் ஒன்று இருந்தால் எதிர்மொய் விகிதம் 53 விழுக்காடு. ஆட்கள் தற்செயலாகச் சுட்டியிருந்தால் அது அடர்த்தியை ஒட்டி 7 விழுக்காட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். 53 என்பது பழக்கத்தில் பிறந்த எண்.

இரு கரைகள்

இனி நம் கேள்விக்கு வருவோம். 180 தொடர்புகளில் 120 அவரவர் குழுவுக்குள்ளேயே, 60 மட்டும் கடல் கடந்து போயிருக்கின்றன என்று வைப்போம். 67 விழுக்காடு உள்ளுக்குள். "மூன்றில் இரண்டு பங்கு தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள்" என்று எழுதக் கை துடிக்கும். பொறுங்கள். யாரும் நாடு பார்க்காமல் சுட்டியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? இலங்கைக்குள் 20 பெருக்கல் 19, தமிழ்நாட்டுக்குள் 30 பெருக்கல் 29, கூட்டினால் 1250. மொத்தச் சாத்தியமான 2450-இல் இது 51 விழுக்காடு. ஆகவே 67-ஐ 51-ஓடு ஒப்பிட வேண்டும், பூஜ்யத்தோடு ஒப்பிடக் கூடாது. சாய்வு இருக்கிறது, முதலில் தோன்றிய அளவுக்கு இல்லை.

இந்தச் சாய்வு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க ஒரு வழி, சீட்டுக் குலுக்கல். நோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, 'இலங்கை', 'தமிழ்நாடு' என்ற அடையாளச் சீட்டுகளை மட்டும் 50 வலைப்பூக்களுக்கும் குலுக்கிப் போடுங்கள். உள்ளுக்குள் எத்தனை என்று எண்ணுங்கள். கணினியை விட்டு 1000 தடவை இதைச் செய்யலாம். சராசரியாக 92-ஐ ஒட்டி வரும். ஆயிரத்தில் ஐந்தாறு தடவைதான் 120-ஐத் தொட்டது என்றால் உங்கள் முடிவுக்குப் பலம் உண்டு. நூறு தடவைக்கு மேல் தொட்டது என்றால் வாயைத் திறக்காதீர்கள். எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யாமல் புள்ளியியலின் முக்கியமான ஒரு சோதனையை இதன்மூலம் செய்துவிடுகிறோம். புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுக்க விரும்புவதும் இதைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு உண்டு. 2004 அமெரிக்கத் தேர்தல் காலத்து அரசியல் வலைப்பதிவுகளை ஆராய்ந்த அடாமிக்கும் கிளான்ஸும், இரண்டு முகாம்களிலிருந்தும் கிளம்பிய சுட்டிகளில் 91 விழுக்காடு அந்தந்த முகாமுக்குள்ளேயே நின்றதாகக் கண்டார்கள்.

குழுக்களை நீங்களே பிரிக்காமல் தரவே பிரிக்கட்டும் என்றால் தங்களுக்குள் அதிகம் சுட்டிக்கொள்பவர்களை ஒரே குழுவாகச் சேர்க்கும், 2008-இல் வெளியான லூவான் முறை கெஃபியில் இருக்கிறது. ஐந்தாறு தடவை ஓட்டிப் பாருங்கள், தடவைக்குத் தடவை ஓரத்தில் இருப்பவர்கள் இடம் மாறுவார்கள். எப்போதும் ஒன்றாகவே விழுபவர்களை மட்டும் குழு என்று சொல்லுங்கள். தமிழ்நாடு, இலங்கை என்று பிரிவதற்குப் பதில் கவிதை, சினிமா, தொழில்நுட்பம், சமையல் என்று பிரிந்து வந்தால் அதுவே உங்கள் கேள்விக்கு ஒரு விடை.

பாலங்கள்

கடல் கடந்த அந்த 60 தொடர்புகளை யார் யார் வழியே என்று பிரித்துப் பாருங்கள். முதல் பத்து இடத்தில் இல்லாத, இடுகைக்கு மூன்று பின்னூட்டம் மட்டும் வாங்குகிற ஒருவர் அதில் கால்வாசியைச் சுமந்திருக்கலாம். இரு பக்கத்தையும் படித்து இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்துக்குச் சொன்னவர். லின்டன் ஃப்ரீமன் 1977-இல் வகுத்த ஓர் அளவு இவரைப் பிடித்துக் கொடுக்கும்: எந்த இருவருக்கும் இடையிலான குறுக்கு வழிகளில் எத்தனை இவர் வழியே போகின்றன? கெஃபி இதை ஒரு சொடுக்கில் தரும். இவரை நோட்டிலிருந்து எடுத்துவிட்டு இருகரைக் கணக்கை மறுபடி போடுங்கள், எவ்வளவு இடிகிறது என்று தெரியும். புகழ்ப் பட்டியலில் ஒருநாளும் வராத இந்த ஆட்களைக் கண்டுபிடித்துத் தருவதற்காகவே இவ்வளவு எண்ணுவது தகும் என்பது என் எண்ணம்.

வெளியிடும் முன்

தமிழ்ப் பதிவர்களில் பலர் புனைபெயரில் எழுதியவர்கள். யார் யாரோடு சேர்ந்து சுட்டினார், எந்த நேரத்தில் எழுதினார் என்று கோத்தால் சொந்தப் பெயர் வெளியே வந்துவிடக்கூடும். அதைச் செய்யாதீர்கள், தற்செயலாகத் தெரிந்தாலும் எழுதாதீர்கள். சாதி, மதம், இயக்கம் என்று நீங்களாக ஆட்களுக்கு முத்திரை குத்தி எண்ண வேண்டாம். குழு அளவிலான எண்களை வெளியிடலாம். தனி ஆளைப் பெயரோடு சுட்டிக்காட்டுவதாக இருந்தால், குறிப்பாக அந்தப் பாலங்களை, ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, 'இன்று திறக்கிறதா' என்று போட்ட நெடுவரிசையை மாத வாரியாகக் கூட்டுங்கள். எந்த மாதத்தில் எழுதிய சுட்டிகளில் எத்தனை செத்திருக்கின்றன என்று தெரியும். இன்னும் உயிரோடிருக்கும் பக்கங்களின் முகவரிகளை அன்றைக்கே வேபேக் மெஷினில் சேமிக்கக் கொடுத்துவிடுங்கள். 50 வலைப்பூக்களின் முகப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், அந்த 180 தொடர்புகளின் இடுகைகளுக்கு இன்னொரு மாலை.